இருட்டு ஹாலில் கறுப்பு டைல்ஸ் போடலாமா?

கேள்வி: எங்களுடையது கீழ்த்தள ஃபிளாட். ஹாலுக்கு ஒரே ஜன்னல். அதற்கு நேர் எதிரே காம்பவுண்டுச் சுவர். பகல் 12 மணிக்கே லைட் போட வேண்டியிருக்கிறது. தரையை மாற்றும்போது கறுப்பு கிளாஸி டைல்ஸ்தான் வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். “பளபளப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், இருட்டே தெரியாது” என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அவர் சொல்வதில் கால்வாசிதான் உண்மை. பளபளப்பு வேறு, வெளிச்சம் வேறு. கறுப்பு கிளாஸி டைல்ஸ் பதித்த ஓர் அறையில் நின்று கீழே பாருங்கள். ஜன்னலின் பிம்பம் மட்டும் பளிச்சென்று தெரியும். சுற்றிலும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். வெள்ளை டைல்ஸ் தன்மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்கை அறைக்குள் சிதறவிடுகிறது. நல்ல கறுப்பு என்றால் 100-க்கு 5 பங்கு தேறினால் அதிகம். மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சும், நேராக விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும்.

ராத்திரியில் இது அவ்வளவாக உறைக்காது. விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சுவரிலும் சீலிங்கிலும் பட்டுத்தான் அறையில் பரவுகிறது. லைட்டிங் கணக்குப் போடுபவர்களே சீலிங் 70 சதவீதம், சுவர் 50, தரை 20 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பும் என்றுதான் வழக்கமாக வைத்துக்கொள்வார்கள். ஆக, தரை ஓரளவு கறுத்திருக்கலாம்.

பகல்தான் சிக்கல். வானத்து வெளிச்சம் ஜன்னல் வழியே சாய்வாக இறங்குவதால் முதலில் தரையில்தான் விழும். அங்கிருந்து எழும்பி சீலிங்குக்குப் போய், அப்புறம்தான் அறையின் உள்பக்கம் வரை வரும். ஜன்னல் ஓரத்துத் தரையே அதை விழுங்கிவிட்டால் உள்ளே சோபா போட்டிருக்கும் மூலைக்கு என்ன மிஞ்சும்? பாட்டி வீட்டு ரெட் ஆக்சைடு தரையும் அடர்நிறம்தானே என்று மகன் மடக்கலாம். அந்த மாதிரி வீடுகள் பலவற்றில் நடுவே முற்றம் இருந்தது. உங்கள் ஹாலில் காம்பவுண்டுச் சுவர்தான் இருக்கிறது.

அந்தச் சுவர் உங்கள் குடியிருப்புடையது என்றால், முதல் செலவாக அதற்கு வெள்ளை அடியுங்கள். ஜன்னலுக்கு வரும் வெளிச்சமே அதில் பட்டுத்தானே வருகிறது? டைல்ஸில் தேடுவதைவிட இதில் பலன் அதிகம், செலவும் குறைவு.

சரி, டைல்ஸுக்கு வருவோம். நானாக இருந்தால் ஹாலுக்குக் கறுப்பு போட மாட்டேன். மகனுக்காக அவன் படுக்கையறையில் போட்டுக்கொடுப்பேன். ஹாலுக்கு நடுத்தரச் சாம்பல் அல்லது மணல் நிறம், மேட் ஃபினிஷ். அடர்நிறம்தான் வேண்டும் என்றால் கறுப்புக்கு இரண்டு மூன்று ஷேடு முன்னாலேயே நின்றுகொள்ளுங்கள். சுவருக்கும் சீலிங்குக்கும் வெள்ளை, ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரின் அடியில் ஓடும் டைல்ஸ் பட்டை) வெளிர்நிறம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கறுப்பு கிளாஸி வேண்டவே வேண்டாம். அதில் சிந்திய தண்ணீர் கண்ணுக்கே தெரியாது.

ஷோரூமில் முடிவு செய்யாதீர்கள். அங்கே தலைக்கு மேல் விளக்குகள் வரிசையாக எரியும். டைல்ஸைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். சாம்பிளாக இரண்டு கல் கேட்டு வாங்கி, உங்கள் ஹால் தரையில் படுக்கவைத்து, லைட்டை அணைத்துவிட்டு காலையிலும் சாயங்காலமும் பாருங்கள். பிறகு விளக்கைப் போட்டும் பாருங்கள். நம் வீடுகளில் அதிகம் எரியும் 6500 கெல்வின் வெள்ளை டியூபின் கீழ் சாம்பல் நீலமடிக்கும், பழுப்பு சோகை பிடித்தாற்போல இருக்கும். சற்று மஞ்சள் கலந்த 4000 கெல்வின் பல்புக்கு மாற்றினாலே அதே கல் வேறு மாதிரி தெரியும்.

கேள்வி: அடர்நிற டைல்ஸில் அழுக்கு தெரியாது என்கிறார்களே?

பதில்: சேறு வேண்டுமானால் தெரியாது. தூசி, தலைமுடி, கோலமாவு, ஈரக்கால் தடம் எல்லாம் அப்படியே தெரியும். போர் தண்ணீரில் மாப் போட்டால் காய்ந்த பிறகு மாப் போன வழியெல்லாம் வெள்ளை வளையமாக உப்பு நிற்கும். அந்த சாம்பிள் கல்லிலேயே உங்கள் வீட்டுத் தண்ணீரால் ஒருமுறை துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே மனம் மாறிவிடுவார்கள்.

வாங்கும்போது கல்லின் பக்கவாட்டு விளிம்பையும் பாருங்கள். ஜிவிடி எனப்படும் அச்சிட்ட வகையில் கறுப்பு மேலே ஒரு மெல்லிய தோல்தான்; உள்ளே பெரும்பாலும் பிஸ்கட் நிறம். குக்கர் கைதவறி விழுந்து சில்லு பெயர்ந்தால் வெளிர்ப்புள்ளி கண்ணை உறுத்தும். டபுள் சார்ஜ் வகையில் நிறம் 3, 4 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும். அடர்நிறம் எடுப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை தண்டமில்லை.

கேள்வி: பாதி ஹால் ஒட்டிய பிறகு ஷேடு மாறுகிறது. கடையில் பெட்டியைத் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: ஒட்டிய கல்லுக்குக் கடைக்காரரோடு வாதாடுவது கஷ்டம். பிரிக்காத பெட்டிகளைப் பொறுத்தவரை உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணையும் ஷேடு எண்ணையும் போட்டோ எடுங்கள். ஒரே பில்லில் இரண்டு பேட்ச் வந்திருந்தால், எழுத்தில் புகார் கொடுத்து மாற்றிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதற்கெல்லாம் சரியான பில் கையில் இருக்க வேண்டும். துண்டுச்சீட்டு எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இனி வாங்கப்போகிறவர்கள் மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். 2-க்கு 2 அடி அளவு கல் ஒரு பெட்டியில் வழக்கமாக 4 இருக்கும், சுமார் 15.5 சதுர அடி. 160 சதுர அடி ஹாலுக்கு வெட்டுச் சேதம் 10 சதவீதம் சேர்த்தால் 12 பெட்டி. லாரியிலிருந்து இறக்கும்போதே எண்களைச் சரிபார்த்து, மாறியிருப்பதை அதே வண்டியில் திருப்பி அனுப்புங்கள்.