பாட்டு வந்ததும் பல்லிளிக்கும் டிவிடி
வீட்டுத் திரை: வாசகர் கேள்வி – பதில்

கே: பழைய புத்தகக் கடையில் ஒரு காதல் படத்தின் டிவிடி வாங்கினேன். அட்டையில் 5.1, டிடிஎஸ் என்றெல்லாம் இருக்கிறது. ஓடும் நேரம் 2 மணி 40 நிமிடம். பேசும் காட்சிகள் பரவாயில்லை. பாட்டு ஆரம்பித்தால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. டிவியில் கோளாறா? – வாசகர், மதுரை

ப: டிவி மேல் குற்றமில்லை. அந்த டிஸ்க்கில் படத்துக்கு இடம் போதவில்லை. கணக்குப் போட்டால் புரிந்துவிடும். தகவலை ஒரே அடுக்கில் பதிந்த ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. உங்கள் படம் 9,600 வினாடி. ஜிபியைப் பிட்டாக்கி (ஒரு பைட்டுக்கு 8 பிட்) வகுத்தால் வினாடிக்கு 3.9 மெகாபிட்தான் வருகிறது. அதில் 5.1 டால்பி ஒலிக்கு 0.45, கூடவே டிடிஎஸ் ஒலிக்கு 0.75 எடுத்துக்கொண்டால் படத்துக்கு மிஞ்சுவது 2.7. டிவிடியில் படத்துக்கு 9.8 வரை கொடுக்கலாம். இதே படத்தை 8.5 ஜிபி ஈரடுக்கு டிஸ்க்கில் போட்டிருந்தால், இரண்டு ஒலியும் போக 5.9 கிடைத்திருக்கும். படம் நன்றாகவே இருந்திருக்கும்.

பேசும் காட்சியில் பின்சுவர் அசைவதில்லை. அதே சுவரைத் திரும்பத் திரும்பப் பதிய வேண்டியதில்லை என்பதால் குறைந்த பிட்டே போதும். பாட்டில் மழை, புகை, பின்னால் ஆடும் குழு, நொடிக்கு ஒரு வெட்டு என்று மொத்தச் சட்டமும் (ஃபிரேம்) மாறிக்கொண்டே இருக்கும். அங்கேதான் பிட் பற்றாமல் படம் உடைகிறது. அதனால் காதல் படத்தின் டிஸ்க்கைச் சோதிக்க முதல் காட்சியைப் போட்டுப் பார்ப்பது வீண். நேராக மழைப் பாட்டுக்குப் போங்கள். நாயகி திரும்பும் இடத்தில் நிறுத்தி, ஜிமிக்கியின் தொங்கல் மணிகளைப் பாருங்கள். தனித்தனி மணியாகத் தெரிந்தால் நல்ல டிஸ்க். காதோரம் ஒரே மஞ்சள் பூச்சாக இருந்தால் கெட்டது.

டிஸ்க் எந்த வகை என்று அறிய கணினியில் போட்டு மொத்த அளவைப் பாருங்கள். விண்டோஸ் கணினி 1,024-ஆல் வகுத்துக் காட்டுவதால் ஓரடுக்கு 4.37 ஜிபிக்கு மேல் போகாது, ஈரடுக்கு 7.95 வரை போகும். அடிப்பக்கத்தில் ஓரடுக்கு வெறும் வெள்ளி நிறம், ஈரடுக்கில் லேசான பொன்னிறம். ஊதா அல்லது நீலம் அடித்தால் அது அச்சடித்த டிஸ்க் அல்ல, யாரோ எழுதிக் கொடுத்த நகல்.

கே: ஒரே டிஸ்க்கில் மூன்று காதல் படங்கள். வாங்கலாமா? – வாசகி, திருச்சி

ப: கதை தெரிந்தால் போதும் என்றால் வாங்கலாம். தலா இரண்டரை மணி நேரம் என்றால், ஈரடுக்கிலேயே ஒலியும் சேர்த்து வினாடிக்கு 2.5 மெகாபிட்தான். ஓரடுக்கில் 1.4, அது விசிடிக்குப் பக்கத்தில் போய்விடும். விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2007-இல் மோசர் பேர் நிறுவனம் 34 ரூபாய்க்கு டிவிடி விற்கத் தொடங்கியபோது குறைந்தது விலைதான். டிஸ்க்கின் கொள்ளளவு அதே 4.7 தான். ஒரு டிஸ்க்குக்கு ஒரு படமா என்று பாருங்கள்.

கே: பெரிய டிவியில் நாலு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் சின்னதாகப் படம். ஜூம் செய்தால் சப்டைட்டில் வெட்டுப்படுகிறது. – வாசகர், ஈரோடு

ப: அது பழைய 4:3 டிவிக்காகச் செய்த டிஸ்க். டிவிடி படத்தின் 480 கோடுகளில் மேலும் கீழும் உள்ள கறுப்பையும் படமாகவே பதித்துவிட்டார்கள். சினிமாஸ்கோப் படம் என்றால் உண்மையான படத்துக்கு 272 கோடுதான். அகலத்திரைக்கென்று சரியாகச் செய்த டிஸ்க்கில் அதே படத்துக்குச் சுமார் 363 கோடு கிடைக்கும். ஜூம் பட்டன் படத்தைப் பெரிதாக்கும். இல்லாத கோட்டைக் கொண்டுவராது. சப்டைட்டிலைக் கீழ்ப் பட்டையில் வைத்திருப்பதால் அதுவும் போகிறது. இதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. அட்டையில் ‘16:9 அனமார்ஃபிக்’ என்றிருக்கும் வேறு பதிப்பு கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

கே: பாடல் சிடியில் கேட்டதைவிட டிவிடியில் பாட்டு ஸ்ருதி கூடி ஒலிக்கிறது. பிரமையா? – வாசகி, கோவை

ப: உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. சினிமா வினாடிக்கு 24 சட்டம். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) வீடியோ 25. பிலிமை வீடியோவாக்கும் டெலிசினியில் 24-ஐ அப்படியே 25 ஆக ஓட்டிவிடுவார்கள். படம் 4 சதவீதம் வேகமாகும். ஸ்ருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். படத்தில் பாட்டை வெட்டியிருக்கலாம் என்பதால் முழுப் பாட்டை ஒப்பிடாமல், ஒரு சரணத்தை மட்டும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். சிடியில் 60 வினாடி ஓடுவது டிவிடியில் 57.6 ஆனால் இதுதான் காரணம். பாடகர் எந்தக் கட்டையில் பாடினாரோ அதிலேயே கேட்க வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. கணினியில் விஎல்சி என்ற பிளேயரை வைத்து, ஸ்ருதியைப் பிடித்து வைக்கும் வசதியை அணைத்துவிட்டு, வேகத்தை 0.96 ஆக்கினால் பழைய ஸ்ருதி வந்துவிடும்.

இதைவிடக் கெட்ட ஜாதி ஒன்று உண்டு. பால் முறை மூலப் பிரதியை அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி ஆக மாற்றி அச்சடித்தவை. ஆடும் காட்சியில் நிறுத்திச் சட்டம் சட்டமாக நகர்த்துங்கள். கை விளிம்பில் சீப்புப் பல் போல் கோடு இருந்தால் பயமில்லை. விஎல்சியில் ‘D’ விசையை அழுத்தினால் பெரும்பாலும் போய்விடும். ஒரு கைக்குப் பதில் மங்கலாக இரண்டு கை தெரிந்தால், இரண்டு சட்டங்களைக் கலந்தே பதிந்திருக்கிறார்கள். அதைப் பிரிக்க முடியாது.

கே: அட்டையில் ‘டிஜிட்டலி ரீமாஸ்டர்டு’ (டிஜிட்டலில் புதிதாகச் சீர்செய்தது) என்றிருப்பதை நம்பலாமா? 1980-களின் படம். – வாசகர், தஞ்சாவூர்

ப: வலது மேல் மூலையைக் கவனியுங்கள். சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வட்டப் பொட்டு மின்னி, ஏழு வினாடி கழித்து மறுபடி மின்னினால், தியேட்டரில் ஓடிய பிரின்ட்டிலிருந்தே எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ரீல் மாற்ற ஆபரேட்டருக்கு வைத்த குறி. தியேட்டர் பிரின்ட்டில் கான்ட்ராஸ்ட் அதிகம். கூந்தல் ஒரே கறுப்புக் கட்டியாகும், அதில் சூடிய மல்லிகை ஒரே வெள்ளைத் திட்டாகும். இழையும் தெரியாது, இதழும் தெரியாது. நெகட்டிவிலிருந்து ஒழுங்காக எடுத்தால் இரண்டும் தெரியும்.

ஒலியையும் சோதியுங்கள். அந்தக் காலப் படங்களில் பெரும்பாலானவை மோனோ, அதாவது ஒரே தட ஒலி. பின் ஸ்பீக்கர் அருகே காதை வையுங்கள். நாயகனின் வசனம் அங்கிருந்தும் வந்தால், ஒரே ஒலியை ஐந்தாகப் பங்கிட்டிருக்கிறார்கள். ரிமோட்டில் ஸ்டீரியோவுக்கு மாற்றிக் கேளுங்கள், வசனம் தெளியும்.

கே: எந்தப் படம் போட்டாலும் இடைவேளை நெருங்கும்போது நின்றுவிடுகிறது. – வாசகி, நெல்லை

ப: எல்லாம் ஈரடுக்கு டிஸ்க்குகளாக இருக்கும். முதல் அடுக்கு உள்ளிருந்து விளிம்புக்குப் போகிறது. இரண்டாம் அடுக்கு விளிம்பிலிருந்து உள்ளே திரும்புகிறது. ஆகவே படத்தின் நடுப்பகுதி இருப்பது விளிம்பில், நாம் விரல் வைத்துப் பிடிக்கும் இடத்தில். மெல்லிய பருத்தித் துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு ஓடி, படிக்க முடியாமல் போகும். துடைத்த பிறகும் எல்லா டிஸ்க்கும் அதே இடத்தில் நின்றால், பிளேயரின் லென்ஸைக் கவனிக்கச் சொல்லுங்கள்.