ஒரே மாதத்தில் நான்கு தொல்லைகள்: பரிகாரத்துக்குக் கடன் வாங்கலாமா?

வேண்டாம். இது தோஷமாகத் தெரியவில்லை. போச்சம்பள்ளித் தோட்டத்தில் சித்திரையில் போர்வெல் மோட்டார் கருகியது, மாம்பிஞ்சு உதிர்ந்தது, மாடு பால் குறைத்தது, மகன் பைக் விபத்தில் சிக்கினான் என்கிறீர்கள். முதல் மூன்றுக்கும் கோடை ஒன்றே காரணமாக இருக்கலாம். நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகும். பாசனம் நின்றால் பிஞ்சு உதிரும். வெப்பத்தில் மாடு தீவனத்தைக் குறைக்கும், பாலும் குறையும்.

மகனின் பைக் விபத்து தனி, அது தற்செயல். தற்செயல் சீராகப் பரவி வருவதில்லை. ஓர் ஆண்டில் 12 தொல்லைகள் இஷ்டத்துக்கு விழுந்தால், மாதத்துக்குச் சரியாக ஒன்று என்று அமைய ஏறக்குறைய 18,600-இல் ஒரு வாய்ப்புதான். சில மாதங்கள் காலியாகப் போகும், சிலவற்றில் மூன்று நான்கு குவியும். குவிந்த மாதத்தைப் பார்த்துத்தான் "பட்ட காலிலே படும்" என்கிறோம். காலியான மாதங்களை யார் நினைவில் வைக்கிறார்கள்?

புது மோட்டார் இறக்கும் முன் நீர்மட்டத்தையும் வோல்டேஜையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் என் ஊகம் தவறு. வேறு பழுதைத் தேட வேண்டும்.

மாட்டுக்குக் காய்ச்சலோ மடிவீக்கமோ இருந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கையில் இருக்கும் பணம் முதலில் அதற்குத்தான்.