சனிக்கிழமை பத்து மணி

அன்புத் தங்கச்சி,

கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஆறு மாதம், பேஸ்மென்டில் இரண்டு பிள்ளைகளோடும் மாமா மாமியோடும் இருக்கிறேன், கிழமைக்கு ஒரு மணி நேரமாவது தனியாக இருக்க ஆசை, கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று எழுதியிருந்தீர்கள். தப்பே இல்லை. கேளுங்கள்.

ஊரில் இதை யாரும் கேட்டு வாங்கியதில்லை. கிணற்றடியில் குளிக்கிற நேரம், கோயிலுக்கு நடக்கிற நேரம் எல்லாம் நமக்கே நமக்காக இருந்தது. இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், எல்லோரும் ஒரே கூரைக்குள்.

நான் வந்த புதிதில் பொய் சொன்னேன். பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, லோரன்ஸ் வீதி 54 பஸ்ஸில் கிழக்கே கடைசித் தரிப்பு வரை போய்த் திரும்புவேன். யன்னலில் தலை சாய்த்தபடி, யாரும் "அம்மா" என்று கூப்பிடாத நேரம். ஆனால் பால் பையோடு படியிறங்கும்போது நெஞ்சு படபடக்கும். ஓய்வெடுத்த பலனே இராது. கடைசியில் ஒருநாள் நேராகவே சொன்னேன்: "மாமி, சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வெளியே இருந்துவிட்டு வாறன். அலுவல் ஒன்றும் இல்லை, சும்மாதான்." மாமி கொஞ்ச நேரம் பேசாமல் வெங்காயம் உரித்தார். பிறகு, "சரி பிள்ளை, சாப்பாட்டுக்கு வந்திடு" என்றார்.

ஆகவே நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் ஓய்வு வேணும்" என்றால் யாருக்கும் பிடிபடாது. சனி பத்து மணி என்றால் கணவரும் பிள்ளைகளைப் பார்க்க ஆயத்தமாவார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது சரிவராது, ஐந்து நிமிடத்தில் தட்டுவார்கள்.

போக நல்ல இடம் லைப்ரரி. மார்க்கம் வீதியிலுள்ள செடர்பிரே கிளையில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. குளிருக்கு இதம், எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2018 முதல் பஸ்ஸில் பிரெஸ்டோ என்ற கட்டண அட்டையை ஒருமுறை தட்டினால் இரண்டு மணி நேரம் அதே கட்டணத்தில் போய் வரலாம். சின்னப் பிள்ளைகள் பெற்றோரோடு போய் விளையாடுகிற ஏர்லி ஆன் நிலையங்களும் இலவசம்தான், ஆனால் அங்கே பிள்ளையோடு நீங்களும் இருக்க வேண்டும். அது வேறு விதத்தில் நல்லது, தனி நேரம் அல்ல.

முதல் சனி கணவர் போன் எடுப்பார். காய்ச்சல், காயம் என்றால் ஒழியத் திரும்பாதீர்கள்.

தனியே இருக்கும்போதும் அழுகையே வருகிறது, நித்திரை இல்லை என்றால் மட்டும், குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிந்த வேண்டாம்.