மரநிழல் இருட்டில் பூங்குருவி: லென்ஸை விடுங்கள், ஷட்டரை இறக்குங்கள்

கேள்வி: டர்பன் நகரின் பிஜன் வேலி காட்டுக்கு ஞாயிறு காலைகளில் போகிறேன். 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ்தான் என்னிடம் இருக்கிறது. ஸ்பாட்டெட் கிரவுண்ட் த்ரஷ் என்ற பூங்குருவி கண்ணெதிரே நிற்கிறது, ஆனால் படம் கறுப்பாக விழுகிறது. கணினியில் வெளிச்சம் ஏற்றினால் ஒரே நாய்ஸ், படமெல்லாம் புள்ளி புள்ளியாக. ஷட்டர் 1/1000 விநாடி, ஐஎஸ்ஓ (கேமரா படத்தைப் பிரகாசமாக்கும் அளவு) 800 வைக்கிறேன். வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும் எஃப் 2.8 லென்ஸ் வாங்கித்தான் ஆகவேண்டுமா? – சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தில் ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் கார் வாங்கலாம். உங்கள் லென்ஸின் எஃப் 6.3-ஐவிட எஃப் 2.8 சுமார் ஐந்து மடங்கு வெளிச்சம் தரும், உண்மைதான். ஆனால் 1/1000-லிருந்து 1/125-க்கு இறங்கினாலே எட்டு மடங்கு கிடைக்கிறது, அதுவும் காசில்லாமல்.

ஷட்டர் மெதுவானால் படத்தில் பறவை ஆடிவிடுமே என்பீர்கள். நீங்கள் எடுப்பது எந்தப் பறவை என்று பாருங்கள். இந்தப் பூங்குருவி சருகுமேல் மூன்று நான்கு அடி ஓடும், சட்டென்று நிற்கும், தலையைச் சாய்த்துத் தரையை உற்றுப் பார்க்கும். பிறகுதான் அலகால் இலையைப் புரட்டும். அந்த நிற்கும் நேரம் ஓரிரு விநாடி. அப்போது 1/125 தாராளமாகப் போதும், 1/60-லும் எடுக்கலாம். ஓடும்போது விரலை எடுத்துவிடுங்கள். நின்றதும் எட்டுப் பத்து படம் தொடர்ச்சியாகத் தட்டுங்கள், ஒன்றிரண்டிலாவது கண் கூர்மையாக வரும். லென்ஸின் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், பறவையின் அசைவைத் தாங்காது. அதனால்தான் அது நிற்பதற்குக் காத்திருக்கச் சொல்கிறேன்.

அடுத்தது ஐஎஸ்ஓ. 3200 வையுங்கள், தேவைப்பட்டால் 6400. ஐஎஸ்ஓ-தான் நாய்ஸைக் கொண்டுவருகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். கேமராவுக்குள் வரும் வெளிச்சம் குறைவதுதான் முதல் காரணம். இருட்டாக எடுத்துக் கணினியில் தூக்கினால் நிழல் பகுதிதான் முதலில் கெடும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத கோப்பில்), சரியான வெளிச்சத்தில் எடுத்த 3200 படம் உங்கள் 800 படத்தைவிடச் சுத்தமாக இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: சுற்றிலும் கருஞ்சருகு, நடுவே வெள்ளை மார்பு. மீட்டர் சருகைப் பார்த்து ஏமாந்து மார்பை வெளுத்துவிடும். கேமரா திரையில் மார்பு மினுக்கினால் (அளவுமீறி வெளுத்ததற்கான எச்சரிக்கை அது) வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். கரும்புள்ளிகளுக்கு இடையே வெள்ளை இறகு தனித்தனியாகத் தெரியவேண்டும்.

நின்றுகொண்டு எடுக்காதீர்கள். பாதை ஓரத்தில் உட்கார்ந்து, அரிசி நிரப்பிய துணிப்பையில் லென்ஸைச் சாய்த்தால் நடுக்கம் அடங்கும், பறவையின் கண் மட்டமும் கிடைக்கும். அசையாமல் இருந்தால் அதுவே நெருங்கி வரும். நானே பலமுறை முதலில் சருகு புரளும் சத்தத்தைக் கேட்டுத்தான் அதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

கிளைக்குக் கிளை தாவும் லூரிப் பறவைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு வெயில் ஏறட்டும்.

ஏப்ரல் வாக்கில் வந்து செப்டம்பர்வரை தங்கும் இந்த விருந்தாளி அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், ஃபோனில் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள், பாதையைவிட்டு இறங்காதீர்கள். இந்த ஞாயிறு 1/125, 3200-இல் தொடங்குங்கள்.