வாசகர் கேட்டவை: "மறுபடியும் செய்வானா?"

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்ற ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். தேர்வு முடிவுகள் வந்த மாதம் என்பதாலும் இருக்கலாம். முதல் கடிதத்துக்கே முக்கால்வாசி இடம் போய்விட்டது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"என் அக்கா மகனுக்கு 23 வயது. மூன்று வாரத்துக்கு முன் வயலுக்கு வாங்கி வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டான். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டான். 'கவனமாப் பாத்துக்கோங்க' என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவன் குளிக்கப் போனால்கூட அக்கா கதவுக்கு வெளியே நிற்கிறாள். மறுபடியும் செய்வானா மாட்டானா என்று கண்டுபிடிக்க ஏதோ கேள்வித்தாள் டெஸ்ட் இருக்கிறதாமே, எங்கே எடுக்கலாம்?"
– தாய்மாமன் ஒருவர், கடலூர் மாவட்டம்

டெஸ்ட் எடுக்க அலையாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் மனநலச் சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் அப்படி ஒரு தாள் இருந்தது. ஆணா, ஒரு மார்க். குடிப்பழக்கமா, ஒரு மார்க். தனியாக வாழ்கிறாரா, அதற்கு ஒன்று. கூட்டிப் பார்த்து 'குறைவு', 'நடுத்தரம்', 'அதிகம்' என்று எழுத வேண்டும். ஒரு நாள் ஓர் இளம்பெண். கல்யாணமானவள், கூட்டுக் குடும்பம், எந்தப் பழக்கமும் இல்லை. மொத்தம் இரண்டே மார்க். 'குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது அவள் என்னிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஒன்பதே கால் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டாள். திரும்பவும் ஒன்பதே கால் என்றேன். பத்தாவது நாள் அதே வார்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தடவையும் பிழைத்தாள். அப்புறம்தான் உட்கார்ந்து பேசினேன். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு போய்ச் சேர வேண்டும் என்றுதான் கடைசி பஸ்ஸைக் கேட்டிருக்கிறாள். விழித்திருந்தால் என்ன பேச்சு விழும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கேட்க என் தாளில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இது என் ஒருத்தியின் அசட்டுத்தனம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2017-ல், அதற்கு முந்தைய 50 ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். யார் தற்கொலைக்கு முயல்வார் என்று முன்கூட்டிச் சொல்லும் திறமை, காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிட ஏதோ கொஞ்சம்தான் மேல் என்று தெரிந்தது. 50 ஆண்டுகளில் அது முன்னேறவும் இல்லை. இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் 'நைஸ்' அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில், மார்க் போட்டு வருங்காலத்தைக் கணிக்க வேண்டாம், அந்த மார்க்கை வைத்து யாருக்குச் சிகிச்சை, யாரை அனுப்புவது என்று முடிவு செய்யவும் வேண்டாம் என்று மருத்துவர்களுக்கே சொல்லிவிட்டார்கள்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? உங்களுக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஒரு சோதனை நடத்தியது. அதில் ஒன்று நம் சென்னை, இன்னொன்று கொழும்பு. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு, அதோடு கூட, டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு. பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற விசாரிப்பு. அவ்வளவுதான், புது மாத்திரை எதுவும் கிடையாது. 2008-ல் முடிவு வந்தது. வழக்கமான பிரிவில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரித்துக்கொண்டே இருந்த பிரிவில் 2 பேர். பின்னால் இதே மாதிரி செய்த எல்லா ஆய்விலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விசாரிப்பதற்கு என்ன செலவு?

அந்த ஒன்பது முறை எப்போது என்பதைப் பாருங்கள்: 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். ஆரம்பத்தில் நெருக்கமாக, போகப்போக இடைவெளி விட்டு. டிஸ்சார்ஜ் ஆன முதல் மூன்று மாதம்தான் ஆபத்து அதிகம். நம் வீடுகளிலோ முதல் வாரம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஊரே வந்து பார்க்கும், ஏழாவது வாரம் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. உங்கள் வீட்டு நாள்காட்டியில் இந்தத் தேதிகளை வட்டம் போட்டு வையுங்கள். வட்டம் போட்ட நாளில் போங்கள். உங்கள் மடியில் உட்கார வைத்துத்தானே அவனுக்குக் காது குத்தியிருப்பார்கள்? உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

போய் அறிவுரை சொல்லாதீர்கள். 'அம்மாவை நினைச்சுப் பாத்தியா' என்பதும் வேண்டாம். அவன் நினைத்துப் பார்த்துத்தான் இருப்பான். நான் ஒரு பையன் வீட்டுக்குப் போனேன், இதே வயசு. தலையை நிமிர்த்தவில்லை. திண்ணையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். எனக்கு மோட்டாரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, அதனால் உண்மையாகவே கேட்டேன், இது என்ன, அது என்ன என்று. கெப்பாசிட்டர் போய்விட்டது என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தான். செத்துப்போவதைப் பற்றி அன்றைக்கு நானும் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, "அடுத்து எப்ப மேடம் வருவீங்க?" என்றான். அடுத்த முறை போனபோது அவனே எல்லாவற்றையும் சொன்னான்.

இன்னொன்று, இன்றைக்கே செய்ய வேண்டியது. வயல் மருந்து ஒன்றுகூட அக்கா வீட்டில் இருக்கக் கூடாது. உங்கள் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் இதைச் செய்து பார்த்தார்கள். வங்கி லாக்கர் போல, ஊருக்குப் பொதுவாக ஒரு கிடங்கு. விவசாயிகள் மருந்தை அங்கே வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். ஊரார் அதை ஏற்றுக்கொண்டார்கள். முடிவுகளும் நம்பிக்கை தந்தன. இலங்கையில் அநுராதபுரம் பக்கம் வேறு மாதிரி செய்தார்கள். 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். அது பலன் தரவில்லை. சாவி அதே வீட்டில்தானே தொங்குகிறது! அங்கே பலன் தந்தது அரசாங்கத் தடை. 1995-ல் அந்த நாட்டில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 வரை போயிருந்தது. கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்யச் செய்ய, 20 ஆண்டுகளில் அது சுமார் 70 சதவீதம் இறங்கியது. விளைச்சலும் குறையவில்லை. ஆகவே பூட்டு வாங்காதீர்கள். மருந்தை உங்கள் வீட்டுக்குக்கூட வேண்டாம், அவன் போகாத வேறு யார் வீட்டுக்காவது எடுத்துப் போங்கள். அந்த ஒரு பொல்லாத நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால், பெரும்பாலும் அந்த நேரம் கடந்துவிடும். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. இதை அக்காவிடம் சொல்லுங்கள். குளியலறை வாசலில் நிற்பதை அவரே விட்டுவிடுவார். மனநல மருத்துவரிடம் காட்ட ஒரு தேதி வாங்குங்கள். துணைக்கு நீங்களே போங்கள்.

"பிளஸ் டூ மாணவி ஒருத்தியின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் 'நான் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், 'கேட்டு இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடாதீங்க டீச்சர்' என்கிறார் தலைமை ஆசிரியர்."
– ஆசிரியை, திண்டுக்கல்

உங்கள் தலைமை ஆசிரியரின் பயம் எல்லாருக்கும் உள்ளதுதான், ஆனால் தவறு. நியூயார்க் மாநிலத்தில் 6 பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள், 2005-ல் வெளியானது. பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், பாதிப் பேரிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகள், கேட்கப்பட்ட பிறகு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தார்கள்.

எந்த வார்த்தையில் கேட்பது என்பதுதான் தமிழில் சிக்கல். 'தப்பான முடிவு எதுவும் எடுத்துடாதே' என்போம். எனக்குப் பிடிக்காத வாக்கியம் இது. முடிவைத் தப்பு என்று முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டோம், இனி அந்தப் பெண் 'ஆமாம், எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்று எப்படிச் சொல்வாள்? "இல்ல டீச்சர், அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பாள். நீங்களும் நிம்மதியாக வகுப்புக்குப் போய்விடுவீர்கள். ஸ்டாஃப் ரூமில் வேண்டாம். தனியாக, மரத்தடியில் உட்கார வைத்து, "நோட்டுல எழுதியிருந்ததைப் பாத்தேன்மா. செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். குரலைத் தாழ்த்திக் கேட்கலாம், வார்த்தையைத் தாழ்த்தாதீர்கள். ஆமாம் என்றால், எப்போதிலிருந்து, எப்படி என்று ஏதாவது நினைத்து வைத்திருக்கிறாளா என்றும் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் யாரிடம் சொன்னால் தாங்கிக்கொள்ள முடியும் என்று அவளையே கேட்டு, அவரை அன்றே வரவழையுங்கள். அவர் வரும்வரை அவளைத் தனியாக விட வேண்டாம்.

"முயற்சி செய்தவர் மீது போலீஸ் கேஸ் வருமா? பயந்து, ஆஸ்பத்திரியில் 'தவறுதலாகக் குடித்துவிட்டார்' என்று சொல்லிவிட்டோம்."
– பெயர் வேண்டாம், தருமபுரி

வராது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றம் என்ற பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காக முயல்வது மட்டும் தனிக் குற்றம். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடுவார்கள், போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டும் போவார். அது நடைமுறை. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். 'தவறுதலாக' என்று எழுதிவிட்டால் மனநலப் பிரிவுக்கு அனுப்பவே மாட்டார்கள்.

"என் மகள், 15 வயது. வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். பிடித்து இழுத்துப் பார்த்தால் கை முழுக்கக் கீறல்கள். நான் கத்திவிட்டேன். போனைப் பிடுங்கிக்கொண்டேன். 'சாகணும்னு இல்லம்மா, இது வேற' என்கிறாள். நம்புவதா?"
– ஓர் அம்மா, கோவை

நம்புங்கள். அதோடு விட்டுவிடவும் வேண்டாம். தாங்க முடியாத ஏதோ ஒன்றைக் கொஞ்ச நேரம் தணிக்கத்தான் பல பிள்ளைகள் இப்படிச் செய்கிறார்கள், சாக அல்ல. ஆனால் பின்னாளில் தற்கொலை ஆபத்து இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதும் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்னதுதான். கத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவள் மன்னிப்புக் கேட்டால் குறைந்துபோக மாட்டாள். போனைத் திருப்பிக் கொடுங்கள், ராத்திரி அவள் பேசுகிற ஒரே தோழி அதில்தான் இருப்பாள். 'இனிமே செய்ய மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணு' என்று கேட்காதீர்கள். அடுத்த முறை செய்தால் சத்தியத்தை மீறிய குற்றமும் சேர்ந்து, இன்னும் ஆழமாக ஒளித்துவைப்பாள். காயத்துக்கு மருந்து போட்டுவிடுங்கள், கேள்வி கேட்காமல். பேச்சு அப்போது வரும். இந்த வாரமே மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.

"நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன். மகளிர் குழுவில் இருக்கிறேன். எங்கள் தெருவிலேயே இரண்டு சாவு. என்னைப் போன்றவர்களால் ஏதாவது செய்ய முடியுமா, இது டாக்டர் வேலையா?"
– சிவகங்கை மாவட்டம்

முடியும். தமிழ்நாட்டில் உள்ள இலங்கை அகதிகள் முகாம்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2017-ல் வெளியானது. அங்கே வீடு வீடாகப் போனவர்கள் டாக்டர்கள் இல்லை. முகாமிலேயே வாழ்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். மனம் நொந்திருப்பவர்களைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பதும், ஓர் அட்டை எழுத உதவுவதும்தான் வேலை. எனக்கு மோசமாகப் போகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வேன், அப்போது நானாக என்ன செய்து மனதைத் திருப்புவேன், யார் வீட்டுக்குப் போவேன், யாருக்கு போன் செய்வேன் – இவற்றை அவரவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதுவது. முயற்சிகளும் இறப்புகளும் சேர்த்துப் பார்த்தபோது குறைந்திருந்தன. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவிலும் போனை எடுப்பவர்கள் தன்னார்வலர்கள்தான்.

அட்டையை அவர்கள் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதிப் படித்துக் காட்டுங்கள். கடைசி வரியில் இந்த எண்கள் இருக்கட்டும்: 14416 (அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை), 104 (தமிழக அரசின் சுகாதார உதவி எண்), ஸ்நேகா 044-24640050. அவற்றுக்கு மேலே உங்கள் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கண்ணாடி இல்லாமலும் தெரிய வேண்டும்.