மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை மீண்டும் கொண்டு வர வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும், ஆனால் பழைய எஞ்சினை அப்படியே வைத்துக் கொண்டுவர முடியாது. 2002-ல் உற்பத்தி நின்ற அந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரின் உயிரே ரோட்டரி எஞ்சின்தான். பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டார் சுழலும். வெறும் 1.3 லிட்டர், இரண்டு டர்போவோடு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கடைசி மாடல்களில் 280 குதிரைத்திறன்! எஞ்சின் சின்னது என்பதால் முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக வைத்தார்கள். வளைவுகளில் கார் அவ்வளவு லாவகமாகத் திரும்பியது அதனால்தான்.

சிக்கல் புகைதான். ரோட்டாரின் மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் தேயாமலிருக்க உள்ளே விடும் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். இன்றைய மாசு விதிகளில் தேறுவது கஷ்டம்.

2023-ல் டோக்கியோவில் மஸ்டா காட்டிய ஐகானிக் எஸ்பி மாதிரிக் காரில் ரோட்டரி எஞ்சின் மின்சாரம் மட்டும் தயாரிக்கும்; சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். எனக்கு இது சரியான வழியாகப் படுகிறது. அதற்குச் சொன்ன 1,450 கிலோ எடையை மட்டும் தாண்டவே கூடாது.