காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து ‘பிரன்ச்’ என்று பரிமாறும் சின்ன வீகன் கஃபேக்கு முதல்முறையாகப் போகிறேன். என்ன வாங்கலாம், எதைக் கவனிக்க வேண்டும்?

டோஃபு (சோயா பனீர்) ஸ்க்ராம்பிள் வாங்குங்கள். முட்டைப் பொடிமாஸ் இருக்க வேண்டிய இடத்தில் வரும் பண்டம் அது. சமைப்பவரின் கைப்பக்குவம் அதில் ஒளியாது.

தட்டு வந்ததும் அடியைப் பாருங்கள். மஞ்சள் தண்ணீர் தேங்கியிருந்தால் டோஃபுவைப் பிழியாமலே வாணலியில் போட்டிருக்கிறார்கள். கெட்டி டோஃபுவின் மேல் 15-20 நிமிடம் கனம் வைத்து நீரை வடிக்க வேண்டும். பிறகு கையால் உதிர்த்து, அகலமான வாணலியில் பரப்பி, சில நிமிடம் கிளறாமல் விட்டால்தான் ஓரம் முறுகும். கூட்ட நேரத்தில் நாலு பேருக்கானதை ஒரே வாணலியில் குவித்துவிடுவார்கள். அப்போது அது வறுபடாது, தன் நீரிலேயே வேகும். மஞ்சள்தூள் 200 கிராமுக்குக் கால் டீஸ்பூன் போதும், கூடினால் கசக்கும்.

முட்டை வாசனை கறுப்பு உப்பிலிருந்து வருகிறது. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சூட்டில் பறந்துவிடும், அதனால் அடுப்பை அணைத்த பிறகே தூவ வேண்டும். கறுப்பு உப்பு போட்டும் வாசனை இல்லாமல் வெறுமனே கரித்தால், முதலிலேயே போட்டுவிட்டார்கள். இந்த ஒரு இடத்தில் அக்கறை காட்டும் கடையை நான் தயங்காமல் நம்புவேன்.

பான்கேக் வேண்டுமென்றால் கடை திறந்த கொஞ்ச நேரத்திலேயே கேளுங்கள். முட்டை இல்லாத மாவு பெரும்பாலும் சோடாவும் வினிகரும் சேர்வதால்தான் பொங்குகிறது. அந்த வாயு கலந்த உடனே கிளம்பிவிடும். காலையில் கரைத்து வைத்த மாவை மதியம் ஊற்றினால் தட்டையாக, நடுவில் பிசுபிசுவென்று இருக்கும்.

காபிக்கு ஓட்ஸ் பால் நல்லது. சோயா பாலின் புரதம் சூடும் அமிலமும் சேர்ந்தால் திரளும். இளவறுவல் காபிக்கொட்டையில் அமிலம் அதிகம் என்பதால் அதில் இன்னும் எளிதாகத் திரியும். கோப்பையில் துணுக்குகள் மிதந்தாலே பால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். காபிக்கென்றே ‘பாரிஸ்டா’ என்று அச்சிட்டு வரும் ஓட்ஸ் பாலில் பொதுவாக அமிலத்தைத் தாங்கும் பாஸ்பேட் உப்பும் கூடுதல் எண்ணெயும் இருக்கும், நுரையும் நிற்கும். ஓட்ஸின் மாவுச்சத்தை நொதி உடைப்பதால் அந்தப் பாலுக்கே இனிப்பு உண்டு. சர்க்கரை போடுமுன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கூடுதலாக விசாரிக்க வேண்டும். இறைச்சி, மீன், பால், முட்டை, தேன் என்று விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லை என்பதுதான் வீகன். கொட்டை இல்லை என்பதல்ல. சீஸ், க்ரீம் சாஸ், சீஸ்கேக் மூன்றுமே பல இடங்களில் ஊறவைத்து அரைத்த முந்திரிதான். இறைச்சி போல வரும் துண்டுகள் கோதுமைப் புரதமான குளூட்டனாகவோ சோயாவாகவோ இருக்கலாம். “முந்திரி இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் போதாது. சின்னச் சமையலறையில் மிக்ஸி ஜார் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். “முந்திரி அரைத்த ஜாரிலேயே இதையும் அரைப்பீர்களா?” என்று ஆர்டர் கொடுக்குமுன் கேளுங்கள்.